வேட்டிக்குப் பொக்கற் இல்லை

எங்கள் மூன்று கடைகளிலும் புதிதாகக் கவுண்டருக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

மின்சிகரெட்டுக்குப் பாதுகாப்பான பற்றரியைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று நாலு பக்கம் எழுதித் தரும்படி முதலாளி கேட்டார். எந்தக் கருவிக்கு எந்தப் பற்றரி, எத்தனை அம்பியர் என்ற கணக்கெல்லாம் பின்னறையில் மஞ்சள் கோப்பில் கிடக்கிறது. அதை வாசித்துப் பாடமாக்குங்கள். அதை வாசிக்காமல் கவுண்டரில் நிற்பவரை நான் வேலையில் இருந்த காலத்தில் கண்டிருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். இங்கே நான் எழுதுவது கோப்பில் இல்லாத ஒன்று. அது நான் விட்ட பிழை. அதை முழுசாகச் சொல்லாமல் ஓய்வுபெற்றுவிட்டேன் என்ற குறை எனக்கு இருக்கிறது.

நான் மொன்றியலில் வில்லரேப் பகுதிக் கடையில் பதினொரு வருடம் நின்றவள். அதற்கு முன் தையல் தொழிற்சாலை. பிறந்த நாளில் இருந்து ஒரு இழுப்புப் புகைகூட இழுத்ததில்லை. மச்சம் தொடாத ஆள் இறைச்சிக் கடை வைத்த மாதிரி என்று என் மச்சாள் இன்றைக்கும் சிரிப்பாள். சிரிக்கட்டும். இழுக்காத ஆளாய் இருந்ததால்தான் எனக்கு வாசனையிலும் புகையிலும் கவனம் போகவில்லை, பற்றரியில் போனது.

எனக்குத் தொழில் காட்டியவள் எனக்கு முன் அந்தக் கவுண்டரில் நின்ற ஒரு கெபெக் பெண். என்னைவிடப் பத்து வயது இளையவள், வாய் நீளம். மின்சாரத் துளைகருவிகளுக்குப் பற்றரி பொருத்தும் தொழிற்சாலையில் வேலை செய்துவிட்டு வந்தவள். வாடிக்கையாளர் ஒருவர் பற்றரியைக் கொண்டுவந்து வைத்தால் அதில் எழுதியிருப்பதை அவள் வாசிக்கவே மாட்டாள். விளக்குக்குக் கீழே வைத்து உருட்டுவாள். மேல் விளிம்பைச் சுற்றி நகத்தால் தடவுவாள். "எண்ணை எல்லாரும் வாசிப்பார்கள், மதாம். எண் என்பது விற்பவன் உனக்குச் சொல்ல விரும்புவது. நீ முதலில் தோலைப் பார்" என்று பிரெஞ்சில் சொல்வாள்.

இந்தத் தோல் விஷயம் விளங்காவிட்டால் நான் சொல்லப்போவது எதுவும் விளங்காது. நாங்கள் விற்கும் பற்றரி ஒரு விரல் நீளம். மேலே இருக்கும் சின்னப் பொத்தான் ஒரு முனை. மற்ற முனை அடியில் மட்டும் இல்லை, சுற்றியிருக்கும் உலோக உடம்பு முழுவதுமே மற்ற முனைதான். இரண்டையும் பிரித்து வைத்திருப்பது ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தோலும் ஒரு கடதாசி வளையமும். மேல் விளிம்பில் தோல் கிழிந்திருந்தால், கதவு பூட்டும் திறப்போ சில்லறைக் காசோ பொத்தானிலும் அந்த இடத்திலும் ஒன்றாகப் பட்டாலே போதும், உள்ளே இருக்கும் சக்தி அவ்வளவும் ஒரேயடியாக வெளியே பாயப் பார்க்கும்.

மிச்சத்தையும் அவள்தான் காட்டினாள். பெயர் தெரியாத தோலில் பெரிய எழுத்தில் நாற்பது அம்பியர் என்று இருந்தால் அது பொய். கையில் எடுக்கும்போது வழக்கத்தைவிட லேசாக இருந்தால் அதை விற்கக்கூடாது. இரண்டு பற்றரி போடும் கருவி என்றால் இரண்டையும் ஒன்றாக வாங்கி, ஒன்றாகப் பாவித்து, ஒன்றாகச் சார்ஜ் பண்ணவேண்டும். உள்ளே பாதுகாப்பு மின்சுற்று இல்லாத கருவியைப் புதிய ஆளுக்குக் கொடுக்கவே கூடாது, அவர் கெஞ்சினாலும் சரி. நான் இவற்றையெல்லாம் ஆறு மாதத்தில் பிடித்துக்கொண்டேன். பிடித்துக்கொண்டதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் வந்தது என்பதை மறைக்கவில்லை.

யோகன் கடைக்குள் வந்தது அந்தத் தலைக்கனக் காலத்தில்தான்.

எங்கள் கடைகளின் கண்ணாடி உள்ளே இருப்பதைக் காட்டக்கூடாது என்பது இங்கத்தைய சட்டம். அதனால் எங்கள் ஆட்கள் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு மழைக்கு ஒதுங்குகிறவர்கள்போல் உள்ளே வருவார்கள். யோகனும் அப்படித்தான் வந்தார். ஐம்பது கடந்தவர். மொன்றியல் நோரில் ஒரு பேக்கரியில் வேலை. வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம், லொங்குய்யில். நான் போகும் கோயிலில் அவர் நிர்வாகசபை ஆள். என்னைக் கவுண்டரில் கண்டதும் திரும்பிப் போகப் பார்த்தார். நான் விடவில்லை.

"வாங்கோ யோகன். இஞ்சை நான் ஆரையும் கண்டதா வெளியிலை சொல்லுறேல்லை."

முப்பது வருடம் சிகரெட் பிடித்தவர். நெஞ்சைத் திறந்து சத்திரசிகிச்சை செய்திருந்தார்கள். இனி ஒரு சிகரெட் பிடித்தாலும் திரும்ப ஆஸ்பத்திரியில் வந்து படுக்க நேரிடும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். நிக்கொட்டின் சுவிங்கம், தோலில் ஒட்டும் பட்டி எல்லாம் பார்த்துத் தோற்றுவிட்டார். நாங்கள் விற்பது மருந்தில்லை, அப்படி ஒருநாளும் யாருக்கும் சொல்லிவிடாதீர்கள். ஆனால் அந்த மனிதனை ஒன்றரை வருடம் சிகரெட்டில் இருந்து தள்ளி வைத்திருந்தது நான் கொடுத்த கருவிதான். ஒரு பற்றரி போடுவது, பாதுகாப்புச் சுற்று உள்ளது. பற்றரியும் நல்ல பற்றரி, நானே தோல் பார்த்து, எடை பார்த்து எடுத்துக் கொடுத்தது.

சிக்கல் என்னவென்றால், அவருடைய மனைவி ரஞ்சிக்கு இது தெரியாது. தன் மனபலத்தால் விட்டுவிட்டதாக அவர் சொல்லியிருந்தார். அதை அவள் கோயிலில் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லித் திரிந்தாள். என்னிடமே சொன்னாள். நான் தலையாட்டினேன்.

பற்றரியைக் கருவிக்கு வெளியே எடுத்தால் வைப்பதற்கென்று ஒரு பிளாஸ்டிக் பெட்டி கொடுப்போமே, அதை யோகன் முதல்நாளே திருப்பி வைத்துவிட்டார்.

"இது பொக்கற்றுக்கை கிடந்து கடகடவெண்டு சத்தம் போடும் அக்கா. ரஞ்சி கேட்டால் என்னெண்டு சொல்லுறது?"

நான் அழுத்திச் சொல்லியிருக்கவேண்டும். பின்னால் இன்னொருவர் காத்துக்கொண்டு நின்றார். சரி என்று விட்டுவிட்டேன். ஆனால் கோடை தொடங்கியதும் என் வழக்கமான பிரசங்கத்தை மட்டும் விடவில்லை.

"வெயிலுக்கை நிக்கிற காருக்கை பற்றரியை விட்டிட்டுப் போகாதையுங்கோ. அடுப்பு மாதிரிச் சூடேறும். விளங்கிச்சுதோ?"

"ஓம் அக்கா."

"மறக்கமாட்டீங்கள்?"

"ஓம் அக்கா, மறக்கமாட்டன்."

மறக்கவில்லை. அதனால்தான் எல்லாம் நடந்தது.

அந்தக் கோடைத் தேர்த்திருவிழா நல்ல வெயில். வெறுங்காலில் நடப்பவர்களுக்காகத் தார் றோட்டில் குழாயால் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் மேற்சட்டை இல்லாமல் வேட்டியோடு வடம் பிடித்து நின்றார்கள். யோகன் முன் வரிசையில் அரோகரா சொல்லிக்கொண்டு நின்றார். ரஞ்சி முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள், அன்று அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. நான் தண்ணீர்ப் பந்தலுக்குப் பக்கத்தில் பெண்களோடு நின்றேன்.

தேர் மூலை திரும்புகிற நேரம். யோகன் திடீரென்று வடத்தை விட்டார். முதுகை வளைத்துத் துள்ளினார். இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு சத்தம் போட்டார்.

"யோகன் அண்ணைக்கு உரு வந்திட்டுது!" என்று யாரோ கத்தினார்கள்.

சாமி வந்துவிட்டது என்று தவில்காரர் அடியைக் கூட்டினார். பெண்கள் கைகூப்பினார்கள். ஒருவர் ஓடிப்போய் விபூதியை அள்ளி அவர் தலையில் போட்டார். உண்மையைச் சொல்கிறேன், நானும் ஒரு கணம் கைகூப்பிவிட்டேன். அவர் இன்னும் துள்ளினார். சனம் இன்னும் அரோகரா சொன்னது.

பிறகு எனக்கு மணம் வந்தது. கற்பூரமும் சாம்பிராணியும் நடுவே, நகப்பூச்சு அழிக்கும் திரவம்போல ஒரு இனிப்பு மணம். கெபெக் பெண் ஒருநாள் பழுதான பற்றரி ஒன்றைக் காட்டி, இந்த மணத்தை மறக்காதே என்று சொன்னது எனக்கு அப்படியே நினைவில் இருந்தது. யோகனின் இடுப்பு மடிப்பில் இருந்து மெல்லிசாகப் புகை கிளம்பியது.

பந்தலில் நிரம்பியிருந்த ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு வடத்தைத் தாண்டி ஓடினேன். பெண்கள் அந்தப் பக்கம் வரக்கூடாது என்று யாரோ தடுத்தார்கள். இடித்துக்கொண்டு போனேன்.

"வேட்டியை அவிழுங்கோ யோகன்! அவிட்டெறியுங்கோ!"

அவர் என்னைப் பார்த்தார். கண்ணால் கண்ணீர் ஓடுகிறது. ஆனால் இரண்டு கையும் வேட்டியை இறுக்கிப் பிடித்திருக்கிறது.

"ஐயோ அக்கா... சனம்..."

"டேய், அவிட்டெறியடா!"

கோயில் நிர்வாகசபை ஆளை, சாமிக்கு முன்னால், அத்தனை பேர் கேட்க, அடா போட்டுக் கத்தினேன். அப்போதும் அவர் விடவில்லை. பிள்ளைகளே, இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வெட்கப்படுகிற மனிதன் சுட்டெரிந்தாலும் மறைத்ததை விடமாட்டான். வாளியைக் கீழே வைத்துவிட்டு நானே அவர் இடுப்பு மடிப்பைப் பிடித்து இழுத்தேன். நல்ல காலம், உள்ளே அரைக்காற்சட்டை போட்டிருந்தார். பற்றரி கீழே விழுந்தது. அதோடு அறுந்துபோன வெள்ளி அரைஞாண்கொடியில் ஒரு துண்டும் விழுந்தது.

பற்றரி றோட்டில் கிடந்து சீறியது. சுற்றிவரச் சனம், சின்னப் பிள்ளைகள், அத்தனை பேரும் வெறுங்கால். இருந்தது ஒரு வாளித் தண்ணீர்தான். அதை மனிதனுக்கு ஊற்றுவதா, பற்றரிக்கு ஊற்றுவதா? யோசிக்க இரண்டு வினாடிகூட இல்லை. யோகனின் இடுப்பில் முழுவதையும் ஊற்றினேன். வெறும் வாளியைக் கவிழ்த்துப் பற்றரியை மூடினேன். மூடிவிட்டு நானும் தள்ளி நின்று, "ஒருத்தரும் கிட்ட வராதையுங்கோ!" என்று கையை விரித்துக் கத்தினேன். வாளிக்குள் டொப் என்று ஒரு சத்தம். வாளி அரைச் சாண் எழும்பி விழுந்தது. அப்போதுதான் தவில் நின்றது.

கோயில் ஆள் ஒருவர் எங்களைத் தன் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். காரின் பின் இருக்கையில் ஈரத் துணியை இடுப்பில் பிடித்துக்கொண்டு யோகன் பல்லைக் கடித்தபடி இருந்தார். நான் ஆத்திரத்தில் கேட்டேன்.

"பற்றரியை ஏன் இடுப்பிலை செருகினனீங்கள்?"

"நீங்கள்தானே அக்கா சொன்னனீங்கள், காருக்கை விடவேண்டாமெண்டு. கருவியைக் காருக்கை வைச்சிட்டு இதைக் கழட்டிக்கொண்டு வந்தனான். வேட்டிக்குப் பொக்கற் எங்கை கிடக்கு?"

 பெட்டி இல்லாமல், திறப்புகளோடு காற்சட்டைப் பொக்கற்றில் கிடந்து அந்தப் பற்றரியின் மேல் விளிம்பில் தோல் கிழிந்திருந்தது. அதை இடுப்பில் செருகினால் பொத்தானிலும் கிழிந்த இடத்திலும் ஒரே நேரத்தில் அரைஞாண்கொடி படும். எங்கள் ஆண்கள் பலர் இடுப்பில் வெள்ளிக்கொடி கட்டியிருப்பது அந்தக் கெபெக் பெண்ணுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. மஞ்சள் கோப்பை எழுதியவருக்கும் தெரிந்திருக்காது. அந்தக் கடையில் அதை அறிந்த ஒரே ஆள் நான். வேட்டிக்குப் பொக்கற் இல்லை என்று அறிந்த ஒரே ஆளும் நான்தான். ஆனாலும் அவரிடம் எங்கே வைக்கக்கூடாது என்று மூன்று தரம் சொன்னேனே தவிர, எங்கே வைக்கவேண்டும் என்று ஒருதரமும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் தாதி கேட்டபோது அவர் கற்பூரம் சுட்டது என்றார். நான் குறுக்கே விழுந்து, பற்றரி என்றும், உள்ளே இருக்கும் திரவமும் பட்டிருக்கலாம், நன்றாகக் கழுவுங்கள் என்றும் பிரெஞ்சில் சொன்னேன். அவர் என்னை முறைத்தார். முறைக்கட்டும் என்று நின்றேன். ஆனால் வேலை முடிந்து ரஞ்சி பதறிக்கொண்டு ஓடிவந்தபோது அவர் மறுபடி கற்பூரம் என்றார். என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். குடும்ப விஷயம், எனக்கெதற்கு என்று நினைத்தேன். அது என் இரண்டாவது பிழை.

அடுத்தநாள் முதலாளி, "எங்கடை பற்றரியிலை பிழை இல்லை, கொண்டு திரிஞ்ச விதத்திலைதான் பிழை. பேசாமல் விடுங்கோ" என்றார். முதலாளி இதையும் வாசிப்பார், வாசிக்கட்டும். அவர் சொன்னதில் பொய் இல்லை. அதனால்தான் அதை ஏற்றுக்கொள்வது எனக்குச் சுலபமாக இருந்தது.

யோகன் பிறகு கடைக்கு வரவில்லை. புண் ஆறுகிறது, வருவார் என்று இருந்தேன். ஒருநாள் அவரோடு வேலை செய்யும் ஒருவர் எங்களிடம் வந்தவர், பேச்சுவாக்கில் சொன்னார், யோகன் பேக்கரிக்குப் பின்னால் நின்று சிகரெட் பிடிக்கிறார் என்று.  தேரடியில் நான் காப்பாற்றிய மனிதன் இப்போது கெதியாகச் சாகும் வழியில் போய்க்கொண்டிருக்கிறார். அவரை அந்த வழிக்குத் திருப்பியது நான் பாதி சொல்லி விட்ட புத்தி.

சனிக்கிழமை மத்தியானம் ஒரு புதுப் பற்றரியை அதன் பெட்டியோடு எடுத்துக்கொண்டு மெற்றோ ஏறி லொங்குய்க்குப் போனேன். போகும் வழி முழுக்க, இது உன் வேலை இல்லை, திரும்பிப் போ என்று மனம் சொல்லிக்கொண்டே வந்தது. லொங்குய்க்குப் போகத்தான் போகிறேன் என்று நானும் சொல்லிக்கொண்டே போனேன்.

ரஞ்சி கதவைத் திறந்தாள். "வாங்கோ அக்கா, இருங்கோ" என்று தேத்தண்ணி போடக் குசினிக்குள் போனாள். யோகன் சேட்டோடு வந்து எதிரே இருந்தார். நான் பற்றரியை மேசையில் வைத்தேன்.

அவர் குரலைத் தாழ்த்தி, "வேண்டாம் அக்கா. கொண்டு போங்கோ. சிகரெட் வெடிக்காது" என்றார்.

நான் அதை அவர் பக்கம் தள்ளி வைத்தேன்.  அதற்குள் ரஞ்சி தேத்தண்ணியோடு வந்துவிட்டாள். மேசையில் கிடந்ததைப் பார்த்தாள். யோகன் அதைக் கையால் மூடப் பார்த்தார். நான் அவர் கையைத் தள்ளினேன்.

"ரஞ்சி, இதைப் பற்றித்தான் கதைக்க வந்தனான். அண்டைக்குச் சுட்டது கற்பூரம் இல்லை. நான் வித்த பற்றரி. அதை எப்பிடி வைச்சிருக்கோணுமெண்டு நான் இவருக்கு ஒழுங்காச் சொல்லேல்லை. பிழை என்னிலைதான்."

"அக்கா!" என்றார் யோகன்.

ரஞ்சி தேத்தண்ணிக் கோப்பையை ஒவ்வொன்றாக வைத்தாள்.

"எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும் உனக்கு?" என்றார் யோகன்.

"கராஜிலை, பெயின்ற் வாளிக்குப் பின்னாலை ஒளிச்சு வைக்கிறது தெரியும். போன வருசமே தெரியும். சிகரெட் மணம் இல்லாமல் போச்சுதே, அது காணுமெண்டிட்டுப் பேசாமல் இருந்தன்." அவள் யோகன் பக்கம் திரும்பினாள். "இப்ப மூண்டு கிழமையாத் திரும்பவும் மணக்குது. அதுக்கும் நான் பேசாமல் இருக்கோணுமோ?"

 சத்தம் போடும் என்று யோகன் பெட்டியைத் திருப்பி வைத்தாரே, அதெல்லாம் இவள் கேட்டுவிடக்கூடாது என்றுதானே. கேட்கவே தேவையில்லாமல் இவள் எல்லாவற்றையும் அறிந்து இருந்திருக்கிறாள். மூன்று பேரும் ஆளாளுக்கு வாயை மூடிக்கொண்டு இருந்ததில் ஒரு மனிதனின் இடுப்பு வெந்திருக்கிறது.

 யோகன் சேட்டுப் பொக்கற்றில் இருந்து சிகரெட் பெட்டியை எடுத்து, எங்களைப் பார்க்காமல், மேசையில் வைத்தார்.

அன்று லொங்குய்க் குசினி மேசையில்தான் நான் முதன்முறையாக ஒருவருக்குப் பற்றரி தேர்ந்தெடுத்தேன் என்று சொல்லவேண்டும். விடிய எழும்பினால் எங்கே போவீர்கள், வேலையில் என்ன உடுப்பு, அதில் எந்தப் பொக்கற்றில் திறப்பு, மத்தியானம் கருவியை எங்கே வைப்பீர்கள், இராத்திரி எங்கே சார்ஜ் பண்ணுவீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். நீங்களும் கவுண்டரில் அப்படித்தான் கேட்கவேண்டும். வேண்டாம் என்று ஒன்றைச் சொன்னால், இங்கே வையுங்கள் என்ற இடத்தையும் சொல்லாமல் அந்த ஆளை அனுப்பாதீர்கள். பின்னால் எத்தனை பேர் காத்து நின்றாலும் அனுப்பாதீர்கள். அவர் உடுப்பும் வேலையும் கோயிலும் பள்ளிவாசலும் மாதாகோயிலும் உங்களுக்குத் தெரியாவிட்டால், வெட்கப்படாமல் அவரிடமே கேளுங்கள்.

யோகன் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். விட்ட இடங்களை ரஞ்சி திருத்தினாள். கடைசியில் நான் கேட்டேன்.

"அப்ப கோயிலுக்குப் போற நாளிலை?"

அவர் தன் இடுப்பைக் குனிந்து பார்த்தார்.  ரஞ்சி மேசையில் இருந்த பற்றரியைப் பெட்டியோடு எடுத்தாள்.

"கோயிலுக்குப் போற நாளிலை என்னட்டைத் தாங்கோ," என்றாள் அவரிடம். "என்ரை கைப்பைக்கை கிடக்கட்டும்."